படைத்துறைக் கல்வியும் எழுத்துத் திருட்டும்

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பிறருடைய ஆய்வேட்டைப் பார்த்தெழுதிப் பிடிபட்டார் என்னும் செய்தி இப்போது எவருக்கும் வியப்பளிப்பதில்லை. பேராசிரியர்கள், அமைச்சர்கள், பத்திரிகையாளர்கள் எனப் பலரும் இக்குற்றச்சாட்டுக்கு உள்ளாகியிருக்கின்றனர். ஆனால், படைத்துறைக் கல்லூரிகளில் இப்பிரச்சினை எவ்வாறு கையாளப்படுகின்றது என்பது பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. உயர்ந்த மதில்களுக்கும் காவலரண்களுக்கும் பின்னால் நடைபெறும் கல்வி என்பதால், அது படையினரின் உள்வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடுகின்றோம். அவ்வாறு ஒதுக்கிவிடத்தக்க விடயமல்ல இது என்பதே எமது கருத்து.

இன்றைய படையதிகாரி ஆயுதம் ஏந்துவதற்கு மட்டும் பயிற்றப்படுபவர் அல்லர். இரத்மலானையில் 1980இல் தொடங்கப்பட்டு, 1981ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட கொத்தலாவல பாதுகாப்புக் கல்விக்கழகம் 2007இல் பல்கலைக்கழகமாகப் பெயர் பெற்றது. மாகொலயில் உள்ள பாதுகாப்புச் சேவைகள் கட்டளை மற்றும் பதவிநிலைக் கல்லூரியில் முப்படைகளின் நடுத்தர நிலை அதிகாரிகள் பயின்று முதுமாணிப் பட்டமும் பெறுகின்றனர். மேல்நிலை அதிகாரிகளுக்கென 2021இல் கொழும்பில் தேசிய பாதுகாப்புக் கல்லூரி திறக்கப்பட்டது. அயல்நாடாகிய இந்தியாவில், நீலகிரி வெலிங்டனிலுள்ள பதவிநிலைக் கல்லூரியில் பயிலும் அதிகாரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டத்தைப் பெறுகின்றனர். இவ்வாறு படைத்துறைக் கல்வியும் பல்கலைக்கழகக் கல்வியும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்துவிட்டன. பட்டம் வழங்கப்படும் இடத்தில் பட்டத்துக்குரிய நேர்மையும் கேட்கப்படத்தான் வேண்டும்.

எழுத்துத் திருட்டு என்றால் என்ன?

பிறருடைய சொற்களையோ, கருத்தையோ, தரவுகளையோ, ஆய்வின் கட்டமைப்பையோ உரியவரின் பெயரைக் கூறாது தன்னுடையதாகக் காட்டுவதே எழுத்துத் திருட்டு ஆகும். இதனைப் பதிப்புரிமை மீறலுடன் குழப்பிக்கொள்ளலாகாது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோனின் பொருளாதார உரிமைகளோடு, தன் படைப்பில் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்னும் உரிமையையும் பாதுகாக்கின்றது. ஆனால், எழுத்துத் திருட்டில் பாதிக்கப்படுபவர் ஆக்கியோன் மட்டுமல்லர். ஒருவர் தமது நண்பரின் முழுச் சம்மதத்துடன், அல்லது பணம் கொடுத்து எழுதுவித்த கட்டுரையைத் தமது பெயரில் ஒப்படைத்தாலும் அது திருட்டேயாகும். அங்கு ஏமாற்றப்படுபவர் அதனை நம்பி வாசிப்பவரும், அதற்குப் புள்ளி வழங்குபவரும், பின்னொரு நாளில் அந்த அதிகாரியின் தீர்மானத்தை நம்பி நடப்பவரும் ஆவர்.

மாத்தளை மாவட்டத்தின் லக்கல பிரதேசத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டிய இப்பிரதேசத்தின் பழைய நகரமான லக்கல பல்லேகம, மொரகஹகந்த – களு கங்கைத் திட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர வேண்டியதாயிற்று. 2018ஆம் ஆண்டளவில் அலுவலகங்களும் கடைகளும் குடியிருப்புகளும் புதிய லக்கல நகருக்கு மாறின. பழைய நகரம் இருந்த இடம் நீருக்குள் அமிழ்ந்தது.

இப்போது, பதவிநிலைக் கல்லூரி ஒன்றில் ஓர் அதிகாரியிடம், லக்கலவில் மண்சரிவு ஏற்படின் மீட்புப் பணியை எவ்வாறு ஒழுங்கு செய்வீர் எனக் கேட்கப்படுவதாகக் கற்பனை செய்வோம். அவர் பல ஆண்டுகளுக்கு முன் இன்னோர் அதிகாரி எழுதிய கட்டுரையைத் தேடிப் பெற்று, பெயரையும் திகதியையும் மாற்றி ஒப்படைக்கின்றார். மொழி நன்றாக இருக்கின்றது. வாதம் ஒழுங்காக இருக்கின்றது. ஆனால், அதில் குறிப்பிடப்படும் வீதி இன்று நீருக்கடியில் இருக்கின்றது. அதில் கூறப்படும் நகரம் அங்கு இல்லை. “இத்தகவல் இன்ன ஆண்டில் இன்னார் எழுதியது” என்று ஒரு வரி குறிக்கப்பட்டிருந்தால், வாசிப்பவர் உடனே எச்சரிக்கை அடைந்திருப்பார். அந்த வரியை மறைத்ததனால் பழைய தகவல் புதிய தகவலாக வேடம் பூணுகின்றது. ஆகவே, மேற்கோள் குறிப்பு என்பது முன்னோருக்குச் செலுத்தும் மரியாதை மாத்திரமன்று; அது தகவலின் பிறப்புச் சான்றிதழும் ஆகும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைப்பாங்கான மாவட்டங்களில் பேரழிவை ஏற்படுத்தியபோது, மீட்புப் பணியில் முப்படையினரும் ஈடுபடுத்தப்பட்டனர். அத்தகைய வேளையில் அதிகாரியின் சொந்த மதிப்பீடு எத்துணை பெறுமதி வாய்ந்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஈராக் ஆவணம் தந்த பாடம்

லக்கல பற்றி நாம் கூறியது கற்பனை உதாரணம். ஆனால், உலகறிய நடந்த உண்மைச் சம்பவம் ஒன்றும் உண்டு. 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஈராக் மீதான யுத்தத்துக்கு ஆதரவு திரட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், பிரித்தானியப் பிரதமர் அலுவலகம் ஈராக்கிய பாதுகாப்பு அமைப்புகள் பற்றிய ஓர் ஆவணத்தை வெளியிட்டது. பெப்ரவரி 5ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் உரையாற்றிய அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் அதனைப் பாராட்டினார். மறுநாளே உண்மை வெளிவந்தது. அந்த ஆவணத்தின் பெரும் பகுதி, இப்ராஹிம் அல்-மராஷி என்னும் ஆய்வாளர் 2002 செப்டெம்பரில் ஒரு சஞ்சிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து, எழுத்துப் பிழைகள் உட்பட, அப்படியே எடுக்கப்பட்டிருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விரிவுரையாளர் கிளென் ரங்வாலா இதனைக் கண்டுபிடித்தார்.

இங்கு மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, அல்-மராஷியின் ஆய்வு 1991 வளைகுடா யுத்தத்தின்போது கைப்பற்றப்பட்ட ஈராக்கிய ஆவணங்களைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய நிலைமை அன்றைய நிலைமை போலக் காட்டப்பட்டது. இரண்டாவது, நகலெடுத்தவர்கள் சில சொற்களை மாற்றினர். பகை நாடுகளிலுள்ள எதிர்ப்புக் குழுக்களுக்கு உதவுதல் என மூலத்தில் இருந்தது, பயங்கரவாத அமைப்புகளுக்கு ஆதரவளித்தல் என மாறியது. மூன்றாவது, மூல ஆசிரியரின் பெயர் குறிப்பிடப்பட்டிருப்பின் இவ்விரண்டையும் எவரும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க முடியும். பெயரை மறைத்தமையால் ஒப்பிடும் வழி அடைபட்டது. யுத்தம் வேண்டுமா வேண்டாமா என்னும் கேள்வியின் நடுவே வைக்கப்பட்ட ஆவணத்துக்கே இந்தக் கதியென்றால், எழுத்துத் திருட்டைப் பரீட்சை மண்டபத்துச் சிறு குறும்பு என்று எவ்வாறு கொள்வது?

செனட்டர் வோல்ஷின் கதை

படைத்துறைக் கல்லூரி ஒன்றிலேயே நிகழ்ந்தவற்றுள் மிகப் பிரசித்தமானது ஜோன் வோல்ஷின் விவகாரம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத் தேசியக் காவற் படையில் பணியாற்றிய அவர், ஈராக்கில் ஒரு படையணியை வழிநடத்தியவர். பென்சில்வேனியாவின் கார்லைல் நகரிலுள்ள இராணுவ யுத்தக் கல்லூரியில் 2007இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். பின்னர் அரசியலுக்கு வந்து 2014 பெப்ரவரியில் செனட்டரானார்.

அதே ஆண்டு ஜூலை 23ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை, அவருடைய 14 பக்கப் பட்ட ஆய்வுக் கட்டுரையில் குறைந்தது கால்வாசி பிறரிடமிருந்து உரிய குறிப்பின்றி எடுக்கப்பட்டது எனச் செய்தி வெளியிட்டது. கட்டுரையின் முடிவில் அவர் முன்வைத்த ஆறு பரிந்துரைகளும் கார்னெகி நிறுவனத்தின் ஓர் ஆவணத்திலிருந்து ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டவையாக இருந்தன. ஆகஸ்டில் வோல்ஷ் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். விசாரணை நடத்திய கல்லூரி, ஒக்டோபரில் அவருடைய பட்டத்தை மீளப் பெற்றது. பட்டதாரிகளின் பெயர் பொறிக்கப்பட்ட பலகையிலிருந்தும் அவருடைய பெயர் அகற்றப்படும் என அறிவிக்கப்பட்டது.

இச்சம்பவத்தில் பாராட்டத்தக்கதும் உண்டு, வருந்தத்தக்கதும் உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் பதவியிலுள்ள செனட்டர் என்பதற்காகவோ, களம் கண்ட வீரர் என்பதற்காகவோ கல்லூரி பின்வாங்கவில்லை. ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதையும் அது காரணமாகக் கொள்ளவில்லை. இவை பாராட்டத்தக்கவை. ஆனால், பதினான்கு பக்கங்களில் கால்வாசி பிறருடையது என்பதை 2007இல் அதனை வாசித்துப் பட்டம் வழங்கியவர்கள் காணவில்லை. கண்டது ஒரு பத்திரிகை. அதுவும் எழுதியவர் அரசியல்வாதியாக உயர்ந்தமையினாலேயே கண்டது. அரசியலுக்கு வராத அதிகாரிகளின் கட்டுரைகளை யார் தேடி வாசிக்கப் போகின்றார்கள்? எனவே, இக்காவல் கல்லூரியின் வாசலிலேயே நடைபெற வேண்டும்.

பார்த்தெழுதுவது கடமையாகும் இடம்

படைத்துறையில் இப்பிரச்சினை ஏனைய கல்வி நிலையங்களைவிடச் சிக்கலானது. ஏனெனில், படையில் பார்த்தெழுதுவது பல வேளைகளில் குற்றமல்ல, கடமையாகும். கட்டளை ஒன்றை எழுதும்போது வகுக்கப்பட்ட மாதிரியிலிருந்து ஓர் எழுத்துப் பிசகினும் களத்தில் குழப்பம் விளையும். மேலதிகாரி கையொப்பமிடும் கடிதத்தைக் கீழதிகாரி எழுதுவது அலுவலக நடைமுறை. ஒரு பிரிவின் அறிக்கையை அடுத்த பிரிவு அப்படியே எடுத்து நிரப்புவதும் வழக்கம். இவ்வாறு பத்துப் பதினைந்து ஆண்டுகள் பழகிய ஓர் அதிகாரி, திடீரெனப் பல்கலைக்கழக ஒழுங்குக்குள் வரும்போது, எங்கே எல்லை என்று தடுமாறுவது இயல்பே.

இத்தடுமாற்றம் பெரிய இடங்களிலும் காணப்பட்டது. அமெரிக்க இராணுவம் 2006 டிசெம்பரில் வெளியிட்ட கிளர்ச்சி எதிர்ப்புக் கைநூலைச் சிக்காகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 2007இல் நூலாக வெளியிட்டது. அதன் ஓர் அத்தியாயத்தில் மக்ஸ் வெபர், அந்தனி கிடன்ஸ் முதலிய சமூகவியலாளரின் வாசகங்கள் உரிய குறிப்பின்றி இடம்பெற்றுள்ளன என மானிடவியலாளர் டேவிட் பிரைஸ் அவ்வாண்டிலேயே எடுத்துக்காட்டினார். நூலாக்கத்தில் பங்கேற்ற அதிகாரியான ஜோன் நாகல், படைக் கைநூல்களில் அடிக்குறிப்பு இடும் மரபு இல்லை எனப் பதிலளித்தார். களத்தில் நிற்கும் சிப்பாய்க்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை என்னும் அளவில் அப்பதில் சரியே. ஆனால், அதே நூல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் முத்திரையுடன் அறிவுலகில் உலாவ வந்தபோது, அறிவுலகின் ஒழுங்கும் அதனுடன் வந்திருக்க வேண்டும்.

இந்த எல்லையை வகுப்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. முதனூல் எது, வழிநூல் எது என்று தொல்காப்பியமே வேறுபடுத்திக் கூறுகின்றது. தொகுத்தல், விரித்தல், மொழிபெயர்த்தல் ஆகியவை வழிநூலுக்குரிய முறைகளாக ஏற்கப்பட்டன. முன்னோர் கூறியதை எடுத்தாள்வது இழுக்கன்று. தொல்காப்பியரே இலக்கணம் கூறுமிடங்களில் இவ்வாறு புலவர் கூறுவர் எனப் பன்முறை குறிப்பிட்டுச் செல்கின்றார். வழிநூலை முதனூல் என்று காட்டுவதே இழுக்கு. படைக் கல்லூரிகளும் இவ்வாறே தெளிவான வரையறையை வகுக்கலாம். கட்டளை மாதிரிகளும் நிலையான செயன்முறைகளும் பொதுச் சொத்து. அவற்றைக் குறிப்பின்றிப் பயன்படுத்தலாம். ஆனால், நிலைமை மதிப்பீடு, வாதம், முடிவு, பரிந்துரை ஆகியவை எழுதுபவருடையனவாக இருக்க வேண்டும். அல்லது யாருடையவை எனக் கூறப்பட வேண்டும்.

ஏன் நிகழ்கின்றது?

காரணங்களை அறியாது தண்டனையை மட்டும் கூட்டுவதால் பயனில்லை. முதற் காரணம், பட்டமும் பதவி உயர்வும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பது. பதவிநிலைக் கல்லூரியில் தேறியவர் என்னும் தகுதி ஓர் அதிகாரியின் எதிர்காலத்தை வாழ்நாள் முழுவதும் தீர்மானிக்கின்றது. கற்பதற்கு அன்றித் தேறுவதற்கு எழுதும் மனநிலை அங்கே பிறக்கின்றது.

இரண்டாவது, முந்திய அணியினரின் விடைகள் கைமாறும் வழக்கம். “முந்திய பாடநெறி அறிவு” என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கம் இந்தியப் படையதிகாரிகளிடையே வேடிக்கைச் சொல்லாகவே புழங்குகின்றது. ஒரே பயிற்சி ஆண்டுதோறும் கொடுக்கப்படும்போது ஒரே விடையும் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றது. இதில் மாணவரின் குற்றம் பாதி. கேள்வியை மாற்றாத ஆசிரியரின் குற்றம் பாதி.

மூன்றாவது, மொழி. சிங்களத்திலோ தமிழிலோ சிந்திக்கும் அதிகாரி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத வேண்டியுள்ளது. சொந்த வாக்கியத்தில் நம்பிக்கையற்றவர், அச்சிலுள்ள வாக்கியத்தில் இரண்டு சொற்களை மாற்றி ஒட்டிவிடுகின்றார். ஏமாற்றும் நோக்கமின்றியே பலர் இவ்வாறு செய்கின்றனர். இவர்களையும், முழு ஆய்வேட்டையும் விலைக்கு வாங்குபவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியாகாது.

நான்காவது, படிநிலை. வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் ஒரே படையைச் சேர்ந்தவர்கள். இன்று குற்றங் காணும் ஆசிரியர் நாளை அம்மாணவரின் கீழ்ப் பணியாற்ற நேரலாம். சக அதிகாரியின் எதிர்காலத்தைக் கெடுத்தவர் என்னும் பெயரையும் அவர் சுமக்க வேண்டியிருக்கும். கண்ணை மூடிக்கொள்ளும் சலனம் அங்கு எழுவது இயல்பு.

கணினி நீதிபதியாகுமா?

எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள்கள் இப்போது எங்கும் பயன்பாட்டிலுள்ளன. ஒப்படைக்கப்பட்ட கட்டுரையைத் தமது களஞ்சியத்திலுள்ள எழுத்துகளுடன் ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் ஒத்திருக்கின்றது என அவை காட்டுகின்றன. ஒத்திருப்பது வேறு, திருடியது வேறு என்பதை அவை அறியா. முறையாக மேற்கோள் காட்டிய பகுதியும், எல்லோரும் பயன்படுத்தும் கட்டளை மாதிரியும் அந்தச் சதவீதத்தில் சேர்ந்துவிடலாம். மறுபுறம், ஆங்கில நூலொன்றிலிருந்து சிங்களத்துக்கோ தமிழுக்கோ மொழிபெயர்த்து எடுக்கப்பட்ட பகுதி பெரும்பாலும் தப்பிவிடுகின்றது.

படைக் கல்லூரிகளுக்கு மேலுமோர் இடர்ப்பாடு உண்டு. இரகசியத் தன்மையுள்ள ஆய்வேடுகளை வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணினிக்கு அனுப்ப முடியாது. அவை வெளியாரின் பார்வைக்கும் வருவதில்லை. இதனால், இரகசியம் என்னும் முத்திரையே திருட்டுக்குப் போர்வையாகிவிடும் ஆபத்து உள்ளது. இத்தகைய ஆய்வேடுகளைக் கல்லூரிக்குள்ளேயே முந்திய ஆய்வேடுகளுடன் ஒப்பிடும் ஏற்பாடு அவசியம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் நிலைமை மேலும் மாறியது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கட்டுரை வேறெங்கும் இல்லாதது. ஆகவே ஒப்பீட்டில் அகப்படாது. அதனைக் கண்டறிவதாகக் கூறும் கருவிகளையும் முழுமையாக நம்ப முடியாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய ஏழு கருவிகளைப் பரிசோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் தாமே எழுதிய 91 பரீட்சைக் கட்டுரைகளுள், சராசரியாகச் சுமார் 61 சதவீதமானவற்றை அக்கருவிகள் இயந்திரம் எழுதியவை எனத் தவறாகக் காட்டின. நமது அதிகாரிகள் எழுதும் ஆங்கிலமும் இவ்வகையினதே. கருவியின் கூற்றை மட்டும் வைத்து ஒருவரின் சேவை வாழ்வை முடிப்பது பெரும் அநீதியாகிவிடும். கருவி எச்சரிக்கை மணியாக இருக்கலாம். தீர்ப்பு மனிதருடையதாக இருக்க வேண்டும்.

தண்டனையின் அளவு

அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியின் அனுபவம் இங்கு பயன்படும். பொய் சொல்லுதல், ஏமாற்றுதல், திருடுதல் ஆகியவற்றை விலக்குவதோடு, அவற்றைச் செய்வோரைச் சகித்தலையும் விலக்கும் கௌரவ விதி அங்குள்ளது. 1976இல் மின்பொறியியல் பாடத்தில், வீட்டிலிருந்து செய்துவரக் கொடுக்கப்பட்ட பயிற்சியில் பலர் சேர்ந்து விடை எழுதியமை வெளிப்பட்டது. அந்நாளில் விதியை மீறியவருக்கு வெளியேற்றம் ஒன்றே தண்டனை. 150இற்கு மேற்பட்ட கெடேற் அதிகாரிகள் கல்லூரியை விட்டு நீங்க நேர்ந்தது. விண்வெளி வீரர் பிராங்க் போர்மன் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, கல்லூரி நிர்வாகத்துக்கும் இதில் பொறுப்புண்டு எனச் சுட்டிக்காட்டியது. வெளியேறியோருள் பெரும்பாலானோருக்கு மறு ஆண்டில் திரும்பி வரும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. குற்றத்துக்கேற்பத் தண்டனையை வேறுபடுத்தும் அதிகாரமும் பின்னர் ஏற்பட்டது.

2020 மேயில், பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி நடைபெற்ற கணிதப் பரீட்சையில் 73 கெடேற் அதிகாரிகள் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. எண்மர் வெளியேற்றப்பட்டனர்; 51 பேர் ஓராண்டு பின்தள்ளப்பட்டனர். குற்றத்தை ஒப்புக்கொள்வோருக்குச் சலுகை காட்டும் திட்டம் ஒன்று அதுவரை நடைமுறையில் இருந்தது. அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என 2021இல் கைவிடப்பட்டது. இவை பரீட்சை மோசடிகளேயன்றி எழுத்துத் திருட்டுகள் அல்ல. எனினும் இரண்டு பாடங்களை நாம் பெறலாம். ஒரே தண்டனை மட்டும் இருந்தால், அது கொடியது என்பதாலேயே பலர் குற்றத்தைக் கண்டும் சொல்ல மாட்டார்கள். தண்டனை மிக இலேசானால் அதனை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஜேர்மனியில் இரண்டு பாதுகாப்பு அமைச்சர்களின் கலாநிதிப் பட்டங்கள் கேள்விக்குள்ளாயின. கார்ல் தியோடர் சூ குட்டன்பெர்க்கின் ஆய்வேட்டில் பரவலான திருட்டு 2011 பெப்ரவரியில் வெளிப்பட்டது. தாம் நியமித்தது ஆய்வு உதவியாளரை அல்லவென்று சான்சலர் அங்கேலா மேர்க்கெல் அவருக்காக வாதிட்டார். ஆயிரக்கணக்கான ஆராய்ச்சி மாணவர்கள் இதற்கு எதிராகப் பகிரங்கக் கடிதத்தில் கையொப்பமிட்டனர். பேரூட் பல்கலைக்கழகம் பட்டத்தை மீளப் பெற்றது. மார்ச் 1ஆம் திகதி அவர் பதவி விலகினார். உர்சுலா வொன் டெர் லெயனின் மருத்துவ ஆய்வேட்டைப் பரிசீலித்த ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகமோ, குறைகள் உள்ளன, ஆனால் ஏமாற்றும் நோக்கம் இல்லை எனக் கூறி 2016இல் பட்டத்தை விட்டுவைத்தது. அம்முடிவு சரியா என்று விவாதிக்கலாம். ஆனால், இரு சந்தர்ப்பங்களிலும் பட்டத்தைப் பற்றித் தீர்மானித்தது அரசாங்கமன்று, பல்கலைக்கழகமே என்பது முக்கியமானது.

“அவர் திறமையான தளபதி, கட்டுரையில் என்ன இருக்கின்றது?” என்னும் வாதம் படைத்துறையில் எளிதில் எழக்கூடியது. மேர்க்கெலின் வாதமும் இதுவேதான். அதற்கு எமது பதில் ஒன்றுதான். எவரும் அவசரப்படுத்தாத அமைதியான அறையில், நூலகம் அருகிலிருக்க, உண்மையை எழுத முடியாதவர், நெருக்கடியில் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் உண்மையை எழுதுவார் என்று நம்புவதற்கு என்ன ஆதாரம்?

நாம் செய்யத்தக்கவை

இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகள் படிநிலைத் தண்டனைக்கு நல்ல மாதிரியாகும். ஒற்றுமை 10 சதவீதம் வரையெனில் தண்டனையில்லை. அதற்கு மேல் 40 சதவீதம் வரையெனில் ஆறு மாதங்களுக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 60 சதவீதம் வரையெனில் ஓராண்டு தடை. அதற்கும் மேலெனில் பதிவு இரத்து. ஆனால், சதவீதத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வதில் குறையும் உண்டு. வோல்ஷின் கட்டுரையில் திருடப்பட்டது கால்வாசியே எனினும், அதில் பரிந்துரைகள் முழுமையாக அடங்கியிருந்தன. எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதோடு, எது எடுக்கப்பட்டது, ஏன் எடுக்கப்பட்டது என்பனவும் நோக்கப்பட வேண்டும்.

நமது படைத்துறைக் கல்வி நிலையங்களில் பின்வருவன உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்பது எமது கருத்து. மேற்கோள் காட்டும் முறையும் பிறர் கருத்தைத் தன் சொல்லில் கூறும் பயிற்சியும் பாடநெறியின் முதல் வாரங்களிலேயே, அதிகாரிகளின் சொந்த மொழியில் விளக்கப்பட வேண்டும். பயிற்சிகளும் கட்டுரைத் தலைப்புகளும் ஆண்டுதோறும் மாற்றப்பட வேண்டும். லக்கல போன்ற குறித்த இடத்தையும் அவ்வாண்டின் நிலைமையையும் சார்ந்த கேள்விக்குப் பழைய விடை எளிதில் உதவாது. ஆய்வேடு ஒரே நாளில் ஒப்படைக்கப்படாமல், திட்டம், குறிப்புகள், முதல் வரைவு எனக் கட்டங்கட்டமாகப் பார்வையிடப்பட வேண்டும். இறுதியில் எழுதியவர் வாய்மொழியாகத் தமது முடிவுக்கு வந்த வழியை விளக்க வேண்டும். தாமே சிந்தித்து எழுதியவருக்கு இது சுமையாகாது. இந்த வழியில் இயந்திரத்தின் எழுத்தும் விலைக்கு வாங்கிய எழுத்தும் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

முறைப்பாடு எழுந்தால், அதனை விசாரிக்கும் குழுவில் படைக்கு வெளியேயுள்ள கல்விமான் ஒருவரேனும் இடம்பெற வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஆதாரங்களைப் பார்வையிடவும் பதிலளிக்கவும் மேன்முறையீடு செய்யவும் உரிமை வேண்டும். சுட்டிக்காட்டிய ஆசிரியருக்குச் சேவையில் பாதிப்பு ஏற்படாதவாறு பாதுகாப்பு வேண்டும். பட்டம் பற்றிய தீர்மானம் கல்வி நிலையத்துக்குரியது. சேவை ஒழுக்கம் பற்றிய தீர்மானம் படைக்குரியது. இவை இரண்டும் கலக்கப்படலாகாது. யுத்தக்களத்தின் உளப்பாதிப்பு, மொழிக் குறைபாடு, நேர நெருக்கடி ஆகியவை தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது கவனிக்கப்படலாம். ஆனால் உண்மையை மூடி மறைக்கும் காரணங்களாக அவை ஆகக்கூடாது. மேஜருக்கு ஒரு நீதி, ஜெனரலுக்கு வேறு நீதி என்றிருந்தால் முழு ஏற்பாடும் கேலிக்கூத்தாகிவிடும்.

2009 வரை நீண்ட யுத்தத்தைக் கண்ட நமது நாட்டுக்கு இதில் மேலுமோர் அக்கறை உண்டு. யுத்தத்தின் காரணங்கள் பற்றியும், மக்கள் பற்றியும், நிலம் பற்றியும் படையதிகாரிகள் எழுதும் ஆய்வேடுகள் பின்னர் பிறரால் ஆதாரமாகக் கொள்ளப்படக் கூடியவை. மூலம் கூறப்படாத ஒரு கூற்றை ஒருவர் எடுத்தெழுத, அவரிடமிருந்து மற்றொருவர் எடுத்தெழுத, நான்காவது ஆய்வேட்டில் அது எவரும் கேள்வி கேளாத வரலாறாகிவிடும். அக்கூற்று தவறானதாயின், அதன் விளைவை அனுபவிப்பவர்கள் அந்த ஆய்வேட்டை ஒருபோதும் வாசித்திராத சாதாரண மக்களே. மூலத்தைக் கேட்கும் பழக்கம் படைக் கல்லூரிகளில் வேரூன்றுவது எல்லாச் சமூகத்தவருக்கும் நன்மை தரும்.

கிராமப்புறங்களிலிருந்து படையில் சேரும் இளைஞர்கள் தமது அதிகாரியின் பட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டு அவர் பின்னே செல்வதில்லை. அவர் சொல்வது அவரே ஆராய்ந்து அறிந்தது என நம்பிச் செல்கின்றனர். அவர்களுக்கும், அவர்களால் காக்கப்பட வேண்டிய மக்களுக்கும், அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக் கொடுக்கும் பொறுப்பு கல்லூரிகளுடையது. மேற்கூறிய ஏற்பாடுகளை அடுத்த பாடநெறியிலிருந்தே தொடங்குவதற்குப் பெரும் செலவோ புதிய சட்டமோ தேவையில்லை. வேண்டியது தொடங்கும் மனமே.